சாலையோரக் கல்லிலிருந்து ஊர் வரலாறு: தேடல், வாசிப்பு, பதிவு, பாதுகாப்பு

தமிழ்நாட்டில் பல ஊர்களின் சுற்றுவட்டாரத்தில் பழைய கல் ஒன்றாவது நிற்கும். நடுகல் (இறந்த வீரனின் நினைவுக்கல்), எல்லைக்கல், சுமைதாங்கி, மைல்கல், ஏரி மடைக்கல் என ஏதாவது ஒன்று. அதைப் பார்த்ததும் பலரும் எழுத்தைத் தேடி ஓடுகிறார்கள். எழுத்து இல்லாவிட்டால் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் கல்லின் செய்தியில் பாதி அது நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. எந்தப் பாதையைப் பார்த்து நிற்கிறது, எந்த ஏரிக்கரையில், எந்த இரு ஊர் எல்லையில் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது சான்று. இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சிற்பம். ஆகவே இந்த வழிகாட்டியில் வரும் எந்தப் படியிலும் கல்லை அசைக்கும் வேலை கிடையாது.

படி 1: எங்கே தேடுவது

நான்குவழிச் சாலையில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பழைய பாதைதான் வேண்டும். கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று குறித்திருக்கும் கோடுகள், ஏரிக்கரைப் பாதை, ஆற்றைக் கடக்கும் துறை, கணவாய் ஆகியவற்றை முதலில் வரிசைப்படுத்துங்கள். கிராம வரைபடமும், புல எண்வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேடும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும்.

ஊர்ப்பெயரும் பேருந்து நிறுத்தப் பெயரும் கைகொடுக்கும். சத்திரம், சாவடி, தாவளம் (வணிகர் தங்குமிடம்), பந்தல் என்று முடிகிற பெயர் இருந்தால் அவ்வழியே வணிகரோ யாத்திரிகரோ போயிருக்க வாய்ப்பு அதிகம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று இன்றும் இடங்கள் உண்டு. இப்படி மைல் பெயருள்ள இடங்களில் பழைய மைல்கல் புதருக்குள் கிடக்கலாம்.

வயதானவர்களிடம் "கல்வெட்டு இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "எழுத்துக்கல் எங்கே, வேடியப்பன் கல் எங்கே, புலிக்குத்தி எங்கே, பட்டவன் சாமி எங்கே" என்று கேளுங்கள். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகற்கள் பெரும்பாலும் வேடியப்பனாகவே வழிபடப்படுகின்றன. கொங்கு நாட்டில் புலியோடு பொருதவன் புலிக்குத்தி. உடன்கட்டை ஏறிய பெண் கொங்கில் வீரமாத்தி, பிற இடங்களில் தீப்பாய்ந்த அம்மன்.

படி 2: இது என்ன கல்?

எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் வகையைச் சொல்லிவிட முடியும்.

நடுகல்லில் வீரன் ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்பான். உடலில் அம்பு தைத்திருக்கும். காலடியில் மாடுகள் இருந்தால் ஆநிரைப் பூசல், அதாவது மாட்டுமந்தைக்கான சண்டை. எதிரே புலி பின்னங்காலில் எழுந்து நின்றால் புலிக்குத்திக் கல், பன்றி என்றால் பன்றிக்குத்திக் கல். மூன்று அடுக்காகப் பிரித்து, கீழே போர், நடுவில் தேவமகளிர் வீரனை ஏந்திச் செல்வது, மேலே சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது என்று காட்டும் பாணி கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரிப் பகுதியில் மிகுதி. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியை எழுத்தாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். எனவே வீரனை மட்டும் படமெடுத்துத் திரும்பாமல் ஓரத்திலுள்ள சின்ன உருவங்களையும் பாருங்கள்.

தன் தலைமயிரை ஒரு கையால் பற்றி மறு கையால் கழுத்தில் கத்தி வைத்திருக்கும் உருவம் நவகண்டம் அல்லது அரிகண்டம், தன்னையே பலிகொடுத்தவரின் கல். இதைப் போர்வீரன் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வளையல் அணிந்த கையொன்று மேலே நிமிர்ந்திருந்தால் சதிக்கல். மேல் மூலைகளில் சூரியனும் சந்திரனும் இருந்தால், அவை உள்ள வரை இது நிலைக்கட்டும் என்று பொருள். கல்லின் வகையை அதை வைத்து மட்டும் முடிவுசெய்ய முடியாது. நடுகல்லிலும் வரும், தானக் கல்லிலும் வரும்.

வீரன் உருவம் இல்லாமல் குறி மட்டும் இருந்தால் எல்லைக்கல். சூலம் இருந்தால் சிவன் கோயில் நிலம். சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலம், அதைத் திருவாழிக்கல் என்பார்கள். குடையும் கமண்டலமும் ஏந்திய குள்ள உருவமான வாமனரும் பெருமாள் கோயில் நிலத்தைக் குறிப்பதுண்டு, சேதுபதி சீமையில் இதைப் பார்க்கலாம். முக்குடை இருந்தால் சமணப் பள்ளிக்கு விட்ட பள்ளிச்சந்தம். எல்லைக்கல் தனியாக இருக்காது. ஒன்று கிடைத்தால் நிலத்தின் மற்ற மூலைகளிலும் தேடுங்கள். இன்றைய புலப்படத்தில் பழைய தேவதான (கோயிலுக்கு விட்ட நில) எல்லை வரப்பாக நீடிப்பது அபூர்வமல்ல.

இரண்டு நடுகால், மேலே ஒரு குறுக்குக்கல் என்றால் சுமைதாங்கி. தலைச்சுமையை ஆள் துணையில்லாமல் இறக்கி ஏற்றும் உயரத்தில் இருக்கும். கருவுற்ற நிலையிலோ பிரசவத்திலோ இறந்த பெண்ணின் நினைவாக வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. குறுக்குக்கல்லின் முகப்பில் பெயரும் தமிழ் ஆண்டும் இருக்கலாம். சாலை மேடேறி இன்று முழங்கால் உயரத்தில் நிற்கும் சுமைதாங்கிகளை உட்காரும் திண்ணை என்று நினைத்துவிடாதீர்கள். குறுக்குக்கல்லின் மேல்முகத்துக்கும் இன்றைய தரைக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து, தலைச்சுமை இறக்கும் உயரத்தோடு ஒப்பிட்டால் சாலை எவ்வளவு மேடேறியிருக்கிறது என்பது தோராயமாகத் தெரியும்.

வழிக்கற்கள் மிக அரியவை. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் (பழைய தொலைவளவு) என்கிறது. எண்ணை எழுத்தில் வெட்டியதோடு நிற்காமல், படிக்கத் தெரியாதவருக்காகப் பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் தோண்டியிருக்கிறார்கள். ஆகவே கல்லில் குழிகள் வரிசையாக இருந்தால் பல்லாங்குழி என்று ஒதுக்கிவிடாமல் எண்ணிப் பாருங்கள். கோவை சுண்டக்காமுத்தூர் அருகே ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு பாறையிலேயே வெண்பாவாக நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழி அது.

அடுத்து ஆங்கிலேயர் காலத்தவை. மைல்கல்லில் ரோமன் எண்ணும் தமிழ் எண்ணும் சேர்ந்து இருக்கலாம். அகன்ற அம்புக்குறியோடு பி.எம். என்ற எழுத்து இருந்தால் அது நில அளவைத் துறையின் மட்டக்குறி, கடல்மட்டத்திலிருந்து உயரம் கணக்கிட வெட்டியது. இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் அளவையை வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம்தான் தொடங்கினார். ஊர்ச்சாவடிச் சுவரிலோ பழைய பள்ளிச் சுவரிலோ, இந்த ஊரிலிருந்து 1914–1919 போருக்கு இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற சிறு பளிங்குப் பலகை இருக்கக்கூடும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு பூசி மூடிவிடுவார்கள்.

புதிய கற்களுக்கும் காலம் கணிக்கலாம். மைல் கணக்கில் இருந்தால் 1960களின் மெட்ரிக் மாற்றத்துக்கு முந்தியது. கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் தே.நெ. (தேசிய நெடுஞ்சாலை) 7 என்றிருந்தால் 2010 எண் மாற்றத்துக்கு முந்தியது, இன்று அது 44. தொல்லியல் துறையின் நீலப் பலகையில் தண்டனை மூன்று மாதம், 5000 ரூபாய் என்றிருந்தால் பலகை 2010க்கு முந்தியது. இரண்டாண்டு, ஒரு லட்சம் என்றால் பிந்தியது.

படி 3: தூசு துடைப்பதும் வெளிச்சம் போடுவதும்

வழிபாட்டில் உள்ள கல் என்றால் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்காமல் தொடக்கூடாது. தேவையான பொருள்கள் குறைவு: மென்மையான தேங்காய்நார் தூரிகை, இரண்டு லிட்டர் வெறும் தண்ணீர், பழைய பருத்தித் துணி, மூங்கில் குச்சி, கைவிளக்கு, அளவுநாடா, 10 சென்டிமீட்டர் அளவுகோல், திசைகாட்டி.

பாசியையும் மண்ணையும் நீர் தெளித்து ஊறவிட்டு நாரால் துடையுங்கள். கம்பித் தூரிகை, ஆசிட், சோப்புத்தூள் மூன்றும் கூடவே கூடாது. கம்பி புதுக்கோடு கீறும், அது பின்னால் எழுத்துப் போலவே தெரியும். ஆசிட்டால் மேற்பரப்பு பொரிந்து, அடுத்த மழைக்காலங்களில் எழுத்தோடு உதிரும். எண்ணெய் பிசுக்கு பல அடுக்காக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது.

எழுத்துக்குள் சாக்குப்பொடியோ மாவோ தடவும் பழக்கம் இன்னும் போகவில்லை. அழுக்காவது மட்டுமல்ல அதன் கேடு. நீங்கள் ஊகித்த கோட்டைத்தான் வெண்மையாக்குகிறீர்கள். அதன்பின் உங்கள் கண்ணும் படத்தைப் பார்ப்பவர் கண்ணும் வேறெதையும் பார்க்காது.

அதற்குப் பதில் சாய்வெளிச்சம் போதும். காலை அல்லது மாலை வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும் நேரமாகப் பாருங்கள். முகம் வடக்கு நோக்கி இருந்தால் வெயில் சரியாக வராது. அப்போது இருட்டிய பின் போய், கைவிளக்கைக் கல்லின் முகத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 15 பாகை சாய்வில் பிடியுங்கள். கைபேசியின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், நேரே விழும் ஒளி பள்ளத்தை மறைக்கும். ஒரே இடத்தில் படக்கருவியை நிறுத்தி, விளக்கை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என மாற்றி நான்கு படம். கிடைக்கோடு மேல்கீழ் ஒளியில்தான் தெரியும், நேர்கோடு பக்க ஒளியில்தான் தெரியும். ஒரு படத்தை மட்டும் வைத்துப் படித்தவர்கள் தவறுவது இங்கேதான்.

படி 4: பதிவு

முதலில் தொலைவிலிருந்து நான்கு திசைப் படம், பாதையும் மரமும் தெரியும்படி. பிறகு முழுக்கல், அளவுகோலோடு. பிறகு வரி வரியாக, ஒவ்வொன்றும் அடுத்ததோடு மூன்றிலொரு பங்காவது மேற்படியும்படி. பின்பக்கமும் இரு ஓரமும் மறக்கக்கூடாது, எழுத்து பின்னால் தொடர்வது உண்டு. முப்பரிமாண மாதிரி செய்ய விரும்பினால் கல்லைச் சுற்றி 40 முதல் 60 படம் தேவைப்படும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: ஊர், வட்டம், புல எண், தசமப் பாகையில் அமைவிடம் ஐந்து தசம இலக்கம் வரை, கல்லின் முகம் நோக்கும் திசை, தரைக்கு மேல் உயரம், அகலம், கனம், வரிகளின் எண்ணிக்கை, மக்கள் அழைக்கும் பெயர், எப்போது பூசை, யார் சொன்ன தகவல், கல் முன்பே இடம் மாற்றப்பட்டதா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஐந்தாறு நடுகல் ஒரே மேடையில் வரிசையாக நின்றால் அவை சுற்றுப்புறத்திலிருந்து சேர்க்கப்பட்டவையாகவே இருக்கலாம்.

மைல்கல் இடம் மாறியதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. கல்லிலுள்ள மைலை 1.609ஆல் பெருக்கி, பழைய சாலை வழியே உள்ள தொலைவோடு ஒப்பிடுங்கள். 12 மைல் என்றால் 19.3 கிலோமீட்டர். அரைக் கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், கல் நகர்ந்திருக்கும் அல்லது சாலை நேராக்கப்பட்டிருக்கும்.

பாதி புதைந்த கல்லைத் தோண்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். கல்லைச் சுற்றியுள்ள மண்ணும் சான்றுதான்.

படி 5: எழுத்து, எண், ஆண்டு

பழங்கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி அநேகமாக இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அதனால் எழுத்துக்கூட்டிப் படிப்பதைவிட, வழக்கமாக வரும் தொடர்களைத் தேடுவது விரைவான வழி.

"ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கினால் தானம் அல்லது ஆணையாக இருக்க வாய்ப்பு மிகுதி. "கோவிசைய" என்று தொடங்கி "பட்டான் கல்" என்று முடிந்தால் பல்லவர் கால நடுகல். செங்கம் வட்டாரக் கற்கள் இப்படித்தான், பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துவகையில். தொறு என்றால் மாட்டுமந்தை, "தொறு மீட்டுப் பட்டான்" என்றால் மந்தையை மீட்கும் பூசலில் இறந்தான். "கெங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான்" என்பது தானத்துக்குக் கேடு செய்பவனுக்கான சாபம். இந்த ஒரு வரி மட்டும் தெரிந்தாலே கல் தானக் கல் என்று சொல்லிவிடலாம்.

அரசன் பெயர் சிதைந்திருந்தாலும் மெய்க்கீர்த்தியின், அதாவது அரசன் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதியின், முதல் சொற்களோ பட்டமோ உதவும். "திருமகள் போல" முதலாம் ராஜராஜன், "திருமன்னி வளர" முதலாம் ராஜேந்திரன், "மதிரை கொண்ட கோப்பரகேசரி" முதலாம் பராந்தகன். வெறும் ராஜகேசரி, பரகேசரி என்றிருந்தால் அவசரப்பட வேண்டாம். சோழர்கள் அப்பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள், எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை, பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆட்சியாண்டைக் கூட்டும்போது ஒன்றைக் கழிக்க மறக்காதீர்கள்: 985இல் பட்டமேறிய ராஜராஜனின் 10ஆம் ஆண்டு 994–95.

எண்களில்தான் அதிகம் தடுமாற்றம். ௧ ககரம் போல, ௨ உகரம் போல, ௪ சகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போல இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பழைய முறையில் பெருக்கிக் கூட்ட வேண்டும்: ௨௰௯ என்றால் இரண்டு பத்தும் ஒன்பதும், 29. அதையே இடமதிப்பு முறையில் ௨௯ என்று எழுதுவார்கள். ௰ குறியைக் கவனிக்காமல் விட்டாலும், அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டாலும் கணக்கு கெட்டுவிடும்.

கல்லிலுள்ள ஆண்டைக் கி.பி.க்கு மாற்ற: சகாத்த ஆண்டோடு 78, கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825, பசலி ஆண்டோடு 590 கூட்டுங்கள். கலியாண்டிலிருந்து 3101 கழியுங்கள். அறுபதாண்டுச் சுற்றில் பிரபவ 1987இல் தொடங்கியது, அதிலிருந்து அறுபது அறுபதாகப் பின்னே போகலாம். சகாத்தம் 1630 என்றால் 1708, அது சர்வதாரி. கல்லிலும் சர்வதாரி என்றிருந்தால் உங்கள் வாசிப்பு சரி. ஓராண்டு முன்பின் இருந்தால் கவலை வேண்டாம், சகாப்தத்தை நடப்பாகவும் கழிந்ததாகவும் எண்ணும் இரு வழக்கமும் உண்டு. பல ஆண்டு விலகினால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். ஆண்டுப் பெயர் மட்டும் இருந்து சகாத்தம் இல்லையென்றால், எழுத்தமைதி காட்டும் நூற்றாண்டில் வரும் ஒன்றோ இரண்டோ ஆண்டுகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 6: மைப்படி

கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது மைப்படி. இதைப் பயிற்சி பெற்றவர் அருகில் இருந்தால்தான் செய்ய வேண்டும். முறை இதுதான். கல்லை நனைத்து, நீரில் தோய்த்த மேப்லித்தோ தாளை மேலிருந்து கீழாக ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் நீவ வேண்டும். பிறகு மயிர்த்தூரிகையால் செங்குத்தாகத் தட்டினால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். கிழிந்த இடத்தில் ஈரத்தாள் துண்டை வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். தாள் அரைகுறையாகக் காய்ந்ததும் விளக்குக்கரியும் கருவேலம் பிசினும் கலந்த மையைப் பஞ்சுப்பொதியில் தொட்டு மெல்ல ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் தரை கறுப்பாகவும் வரும். ஈரம் அதிகமிருந்தால் மை ஊறிக் கல்லில் படியும். முழுக்கக் காய்ந்திருந்தால் தாள் பள்ளத்திலிருந்து எழும்பி எழுத்து மழுங்கும். உச்சிவெயிலிலும் காற்றடிக்கும்போதும் தொடங்க வேண்டாம். வழிபாட்டுக் கல்லில் மைப்படியே தேவையில்லை, சாய்வெளிச்சப் படம் போதும்.

படி 7: புதியதா என்று பார்ப்பது, யாரிடம் சொல்வது

கண்டவுடன் செய்தித்தாளுக்குப் போகிறவர்கள் அதிகம். ஏற்கெனவே படியெடுத்த கல்லாக இருந்து அவமானப்படுவதும் அதனால்தான். மைய அரசின் கல்வெட்டுத் துறை 1887இலிருந்து ஆண்டறிக்கை வெளியிடுகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890இல் தொடங்கின. தமிழ்நாடு தொல்லியல் துறை மாவட்டவாரியாகத் தொகுதிகளும் செங்கம் நடுகற்களுக்குத் தனி நூலும் வெளியிட்டிருக்கிறது. பல தொகுதிகள் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் கிடைக்கும். தேடும்போது இன்றைய மாவட்டப் பெயரில் மட்டும் தேடாதீர்கள். திருவண்ணாமலை வட ஆற்காட்டிலும், தருமபுரி சேலத்திலும் இருந்தவை.

பிறகு மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ படம், அமைவிடம், அளவு சேர்த்து எழுதி, கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு படி கொடுங்கள். வேலை செய்யும்போது மண்ணுக்குள்ளிருந்து சிலையோ காசோ வந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம். அதை வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம்.

படி 8: பலகை வைப்பதும் சாலை விரிவாக்கமும்

ஊரார் பலகை வைக்க விரும்பினால் கல்லில் துளையிடாமல், சிமென்ட் பூசாமல், இரண்டு மீட்டர் தள்ளித் தனிக்கம்பத்தில் வைக்க வேண்டும். சாலை எல்லைக்குள் என்றால் நெடுஞ்சாலைத் துறை அனுமதி தேவை. துறைப் பாதுகாப்பிலுள்ள சின்னம் என்றால் அந்தத் துறையின் அனுமதி இல்லாமல் எதுவும் வைக்க முடியாது. மைய அரசுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானமே தடை. தகடு 90 × 60 சென்டிமீட்டர், எழுத்து உயரம் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வாசகம் 70 சொல்லுக்குள். இதில் நான்கு செய்தி போதும்: என்ன கல், எந்த நூற்றாண்டு, யார் யாருக்காக வைத்தது, கல்வெட்டின் வாசகம். "இரண்டாயிரம் ஆண்டுப் பழமை" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட "கி.பி. 16–17ஆம் நூற்றாண்டு, எழுத்தமைதியைக் கொண்டு" என்று எழுதும் பலகைக்கு மதிப்பு அதிகம். சாதிப்பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். கல்லில் இல்லாத சாதியைப் பலகையில் எழுதினால் அடுத்த வாரமே சண்டை வரும், கல்லும் உடைபடும்.

சாலை விரிவாக்க அறிவிப்பு வந்தால் அன்றே வேலை தொடங்க வேண்டும். கல்லின் கிலோமீட்டர் நிலையை, எடுத்துக்காட்டாக 42க்கும் 43க்கும் இடையே வடக்கோரம், 42.6 என்று குறித்து, திட்ட இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் தொல்லியல் அலுவலருக்கும் ஒரே கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பொக்லைன் ஓட்டுநருக்குக் கடிதம் போய்ச் சேராது, எனவே கல்லைச் சுற்றி மூங்கில் நட்டுச் சிவப்பு நாடா கட்ட ஊராட்சியிடம் கேளுங்கள். வேறு வழியே இல்லாமல் துறையினர் பெயர்க்க நேர்ந்தால், அதற்கு முன் கல்லின் முகம் நோக்கிய திசை, சாய்வு, தரைக்கோடு (கல் எதுவரை புதைந்திருந்தது என்பது) ஆகிய மூன்றையும் படத்திலும் குறிப்பேட்டிலும் பதிந்துவிடுங்கள். தரைக்கோட்டைக் கல்லில் வண்ணத்தால் வரையாமல், மேல்விளிம்பிலிருந்து அளந்து எழுதினால் போதும். புது இடம் அதே பாதையில், அதே திசை நோக்கி அமையும்படி கேளுங்கள். பழைய இடத்தின் அமைவிட எண்ணைப் புதுப் பலகையின் கடைசி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.